தானாக முளைத்த செடிக்குப் பெயர் தேடி

எங்கள் பள்ளி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி. மழை பெய்தால் விளையாட்டுத் திடலின் வடக்கு மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சென்ற ஆண்டு மே மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவினர் நான்கு டிராக்டர் மண் அடித்து அந்தப் பள்ளத்தை மேடாக்கிக் கொடுத்தார்கள். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு மழை பெய்ததும், அந்த மண்ணில் ஒரே மாதிரியான நாற்றுகள் முப்பதுக்கும் மேல் தலைகாட்டின. ஜூலை முடிவதற்குள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. யாரும் விதைக்கவில்லை. என்ன செடி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

இப்படி வரும் செடிகளை நாம் வழக்கமாக இரண்டு விதமாகக் கையாள்கிறோம். களை என்று பிடுங்கிப் போடுவோம். அல்லது, பச்சையாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். பெயர் தெரியாமல் இவற்றில் எதைச் செய்தாலும் அது பள்ளிக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. பிடுங்கினால் ஒரு நல்ல பாடம் போய்விடும். விட்டுவைத்தால் அதைவிடப் பெரிய இழப்பு நேரலாம்; அதைப் பின்னால் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அந்தச் செடியை ஒப்படைத்தேன். "இதற்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் வாயில் வைக்கக் கூடாது. பெயர் தெரியும் வரை யாரும் பிடுங்கவும் கூடாது." இவ்வளவுதான் நிபந்தனை.

முளைத்த இடமே முதல் சாட்சி

செடியைத் தொடுவதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எல்லா நாற்றுகளும் புதிய மண் கொட்டிய பரப்பில் மட்டும் இருந்தன; அந்த எல்லையைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. ஆகவே விதை அந்த மண்ணோடு வந்திருக்க வேண்டும் என்று மாணவர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு பள்ளி வளாகம் முழுவதும் சுற்றி, நாம் நடாத மற்றச் செடிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்தோம். வேப்ப மரத்தடியிலும் கம்பி வேலியின் அடியிலும் சுண்டைக்காய், கோவைக்கொடி, உண்ணிச்செடி ஆகியவை நின்றன. மூன்றும் பறவை தின்று எச்சமிட்டு முளைப்பவை. பறவை உட்காரும் இடத்துக்கு நேர் கீழேதான் அவை இருக்கும். சுவர் ஓரத்தில் காற்றோடு பறந்து வந்த எருக்கு. ஆட்கள் நடக்கும் பாதையில், துணியில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி. ஒரு செடியின் பெயர் தெரியாவிட்டாலும், அது நிற்கும் இடத்தை வைத்து அதன் விதை எப்படிப்பட்டது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். விதை பரவுதல் பாடத்தை நான் கரும்பலகையில் நடத்திய ஆண்டுகளைவிட, அந்த நாற்பது நிமிட நடையில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள்.

மண்ணோடு வந்த விதை ஏன் இத்தனை நாள் முளைக்காமல் இருந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகளின் விதையுறை தண்ணீர் புகாத அளவுக்குக் கடினமானது. மண்ணுக்குள் அப்படியே உறங்கிக் கிடக்கும்; மண் புரளும்போது உரசலிலும், வெயிலின் சூட்டிலும் உறை தேய்ந்து விரிசல் விட்டால்தான் உள்ளே ஈரம் இறங்கும். ஏரியிலிருந்தோ வயலோரத்திலிருந்தோ மண் எடுத்துக் கொட்டும்போது இந்த உறக்கம் கலைகிறது. வகுப்பில் செய்து பார்க்க விரும்பினால் சரக்கொன்றை விதைகளைப் பயன்படுத்துங்கள். பாதியை உப்புத்தாளில் தேய்த்தும் மீதியைத் தேய்க்காமலும் ஓர் இரவு ஊறவையுங்கள். எது ஊதுகிறது, எது கல்லாகவே கிடக்கிறது என்பது மறுநாள் காலையில் தெரியும்.

இலை எங்கே முடிகிறது?

அடுத்தது இலை. "இதில் ஒரு இலையைப் பறித்துக் கொடு" என்றால் பத்தில் எட்டுப் பேர் ஒரு சிற்றிலையைத்தான் கிள்ளித் தருவார்கள். முருங்கையிலும் இதுதான், வேம்பிலும் இதுதான். இலைக்கும் சிற்றிலைக்கும் வேறுபாடு காண ஒரே ஓர் உறுதியான வழி, கோணமொட்டைத் தேடுவது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், அந்தக் கோணத்தில், ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மொட்டைக் கண்டுபிடித்துவிட்டால் இலை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே இலை. கைக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படிப் பார்த்ததில் எங்கள் செடிக்குக் கூட்டிலை என்று உறுதியானது. தண்டில் இலைகள் மாற்றடுக்கில் இருந்தன. ஒவ்வோர் இலையிலும் நான்கு அல்லது ஐந்து இணைச் சிற்றிலைகள். நுனியில் தனிச் சிற்றிலை இல்லை, இணையாகவே முடிகிறது. சிற்றிலையின் முனை கூர்மை. அடியில் உள்ள இணையைவிட நுனியில் உள்ள இணை பெரியது. ஒரு சிற்றிலையைக் கசக்கி முகர்ந்த மாணவன் முகத்தைச் சுளித்தான். அதையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன்: 'கசக்கினால் கெட்ட நாற்றம்'. மணம் ஒரு முக்கியமான அடையாளம். ஆனால் ஒன்று. பால் வடியும் செடியைக் கசக்க விடாதீர்கள்; எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. முகர்ந்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இலைக்காம்பின் அடியில், தண்டை ஒட்டினாற்போல, கருஞ்சிவப்பாக ஒரு சிறு முண்டு இருந்தது. பூச்சி கடித்த வீக்கம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். வேறு செடிகளையும் பாருங்கள் என்றேன். எல்லாச் செடியிலும், எல்லா இலையிலும், அதே இடத்தில் அதே முண்டு. ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது காயம். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது உறுப்பு. அது தேன் போன்ற நீரைச் சுரக்கும் சுரப்பி. எறும்புகள் அதைத் தேடி வரும். இந்தச் சிறு முண்டுதான் பின்னால் எங்களுக்குப் பெயரைக் காட்டிக் கொடுத்தது.

மாலை நேர வகுப்புக்காக நின்ற இரண்டு பேர் இன்னொன்றையும் கவனித்து வந்து சொன்னார்கள். பொழுது சாயும்போது சிற்றிலைகள் எல்லாம் மடங்கித் தொங்கிவிடுகின்றன. காலையில் மறுபடி விரிந்துவிடுகின்றன. அதை நான் திட்டமிடவே இல்லை.

ஆளுக்கொரு பெயர்

ஆகஸ்டு வரை பூ வரவில்லை. அதற்குள் வந்து சேர்ந்த பெயர்களைக் கேளுங்கள். சத்துணவு அமைப்பாளர் அக்கா, "இது ஆவாரைதான் டீச்சர், வேறென்ன" என்றார். "எங்க ஆயா தகரைன்னு சொல்லுது மிஸ். கீரைக்கு நல்லா இருக்குமாம்" என்றாள் ஒரு மாணவி. பக்கத்துத் தெருவில் நாட்டு வைத்தியம் தெரிந்த பெரியவர் ஒருவர் பொன்னாவாரை என்றார். கைப்பேசிச் செயலி ஒன்றில் இலையை மட்டும் படம் எடுத்துப் போட்டபோது, அன்றைக்கு மூன்று முறைக்கு மூன்று பெயர் சொன்னது.

செயலிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூவும் காயும் சேர்ந்த படம் கொடுத்தால் அவை பெரும்பாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆனால் செயலி சொல்வது விடையல்ல. நாம் சரிபார்க்க வேண்டிய ஓர் ஊகம். ஆயா சொல்வதும் அப்படித்தான். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. "ஆயா சொன்ன தகரைக்கும் இதுக்கும் என்னென்ன ஒத்துப்போகுதுன்னு பார்க்கலாம்" என்று சொல்லி, அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

ஒப்பிடுவதற்கு அசல் வேண்டும். ஆவாரை கிடைப்பது எளிது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப்பறித்த இடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொண்டு வந்து பக்கத்தில் வைத்தோம். ஆவாரையில் சிற்றிலைகள் சிறியவை, எட்டு முதல் பன்னிரண்டு இணைகள் வரை இருக்கும், முனை மழுங்கியது. இலைக்காம்பின் அடியில் காது மடலைப் போல அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு உதிராமல் நிற்கும். அதன் அறிவியல் பெயர் 'சென்னா ஆரிகுலேட்டா'. ஆரிகுலேட்டா என்றால் காது உடையது. 'காதுள்ள செடி' என்று சொன்னதும் பிள்ளைகள் அதை மறக்கவே இல்லை. சுரப்பியும் ஆவாரையில் ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் நடுவே ஒன்றாக வரிசையாக இருக்கிறது. எங்கள் செடியில் காதும் இல்லை, வரிசையும் இல்லை. ஆவாரை என்ற பெயரை அடித்துவிட்டோம்.

அடுத்து, ஆயா சொன்ன தகரை. கீரைக்குப் பறிக்கும் தகரை, ஊசித்தகரை என்றும் சொல்லப்படுவது, குளக்கரையில் நிறைய நின்றது. அதில் பெரும்பாலும் மூன்று இணைச் சிற்றிலைகள்தான். முனை வட்டமானது, கூர்மை இல்லை. சுரப்பி இலைக்காம்பின் அடியில் இல்லை. சிற்றிலைகளுக்கு நடுவே இருக்கிறது. காய் ஊசி போல ஒல்லியாக நீண்டு வளைந்திருக்கும். எங்கள் செடியில் நான்கைந்து இணை, கூர்முனை, அடிச் சுரப்பி. இலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியும். தனியாகப் பார்த்தால் பெரியவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர் புழங்குகிறது.

பூவும் காயும்

செப்டம்பரில் பூ வந்தது. ஐந்து மஞ்சள் இதழ்கள். பத்து மகரந்தத்தாள்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. கீழே உள்ள இரண்டு நீளமாக வளைந்தவை, மேலே உள்ள சில மகரந்தம் தராத மலட்டுத் தாள்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. தேடி வரும் தேனீக்கு மகரந்தம் மட்டுமே கூலி. அந்த மகரந்தமும் எளிதில் கிடைக்காது. மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காமல் நுனியில் சிறு துளையாகத் திறக்கும். உப்புக் குடுவையைக் கவிழ்த்து உதறுவது போல, பெரிய கருந்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். காலை வேளையில் பக்கத்தில் நின்றால் அந்த 'ம்ம்ம்' ஓசை காதில் கேட்கும். இலைகளின் மேல் பச்சை நிறப் புழுக்களும் வந்தன. வெளிர்ந்த நிறப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அவை. இந்த இனச் செடிகளின் இலைதான் அவற்றுக்கு உணவு.

பிறகு காய். விரல் நீளம் அல்லது அதற்குச் சற்று அதிகம், தட்டை, வில் போல மேல்நோக்கி இலேசான வளைவு. முற்றும்போது நடுவில் பழுப்பும் இரு விளிம்பிலும் வெளிர்நிறக் கோடும். இவ்வளவு சேர்ந்த பிறகு நூலைத் திறந்தோம். கேம்பிள் எழுதிய பழைய சென்னை மாகாணத் தாவரவியல் நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் மேத்யூ அடிகளார் தொகுத்த தமிழகக் கருநாடகப் பகுதித் தாவர நூல்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. பக்கத்தில் கல்லூரி இருந்தால் அதன் தாவரவியல் துறையில் இவற்றைப் பார்க்கலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரகமே இருக்கிறது. நூலில் கண்ட விவரமும் எங்கள் குறிப்பேடும் வரிக்கு வரி ஒத்துப்போயின. 'சென்னா ஆக்சிடென்டாலிஸ்'. தமிழில் பேயாவாரை. பழைய நூல்களில் 'காசியா ஆக்சிடென்டாலிஸ்' என்று இருக்கும். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. 1982-இல் காசியா பேரினத்தைப் பிரித்து வகைப்படுத்திய பிறகு சென்னா என்பது நிலைத்தது. ஆக்சிடென்டாலிஸ் என்றால் மேற்குத் திசைக்குரியது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி.

பேய் என்ற முன்னொட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்று வரிசையாகச் சொன்னார்கள். உண்ணத் தகுந்த ஒன்றைப் போலவே தோற்றம், ஆனால் உண்ணக் கூடாது, அல்லது பயன்படாது. இந்தப் பெயர்களை வைத்த நம் ஊர் மக்கள் அந்த ஒரே சொல்லில் ஓர் எச்சரிக்கைப் பலகையை நட்டிருக்கிறார்கள்.

பெயர் தெரிந்ததும் தெரிய வந்தது

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாக, மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், சிறு குழந்தைகளுக்கு ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. வாந்தியில் தொடங்கும், பிறகு நினைவு தடுமாறும், வலிப்பு வரும், பல குழந்தைகள் ஓரிரு நாள்களிலேயே இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நச்சுயிரியல் வல்லுநர் டி. ஜேக்கப் ஜானும் உடன் சேர்ந்தவர்களும் வேறு கோணத்தில் பார்த்தார்கள். பாதிப்பு மூளையில் மட்டும் இல்லை. கல்லீரலிலும் தசையிலும் இருந்தது. தொற்றுநோய்க்கு அது பொருந்தவில்லை, நஞ்சுக்குப் பொருந்தியது. குழந்தைகள் என்ன தின்றார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அங்கே கசௌந்தி என்று அழைக்கப்படும் செடியின் காய்களில் வந்து நின்றது தேடல். 2007-இல் அவர்களின் ஆய்வு வெளியானது. கசௌந்தி வேறொன்றுமில்லை, நம் பேயாவாரைதான். இந்த விதை ஆடு மாடுகளின் தசையையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் அதற்கு முன்பே தெரிந்த செய்தி. செடியைப் பற்றி ஊர் மக்களுக்கு எடுத்துச் சொன்ன பிறகு அந்தப் பகுதிகளில் நோய் குறைந்தது. ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் 2016-இல் பல குழந்தைகள் இறந்தபோதும் இதே செடியின் பெயர் விசாரணையில் வந்தது.

வறுத்துப் பொடித்த விதையைக் காபிக்குப் பதிலாகக் குடிக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு; இலையை மருந்தாகச் சேர்க்கும் நாட்டு வைத்தியமும் உண்டு. இதைக் கேட்டு, "அப்படியானால் சாப்பிடலாம்தானே" என்று பெற்றோர் யாரேனும் சொன்னால், மருந்து வேறு உணவு வேறு என்பதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பச்சைக் காயைப் பிளந்து உள்ளே உள்ள இளம் விதையைத் தின்பதுதான் குழந்தைகள் செய்யக்கூடியது. கொடுக்காப்புளியையும், கொல்லையில் துவரங்காயையும் பறித்துத் தின்று பழகிய பிள்ளைகள் நம்முடையவர்கள். அந்தக் காயைக் கண்டால் அவர்களுக்கு அது இன்னொரு பயறு.

ஆயாவின் தகரைக்கும் இதே செய்திதான். கீரை பறிக்க வருகிறவர் கையில் எது சேர்கிறது என்பது சிற்றிலை முனையிலும் சுரப்பியின் இடத்திலும் இருக்கிறது. அந்த மாணவி இரண்டு இலைகளையும் ஒரு தாளில் ஒட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். மறுநாள் வந்து, "ஆயா கண்ணாடி போட்டுப் பார்த்துச்சு மிஸ். இது பேய்த்தகரை, நான் பறிக்கிறது இது இல்லைன்னு சொல்லுச்சு" என்றாள். ஆயாவிடம் சரியான சொல் முன்பே இருந்திருக்கிறது. செடியை நேரில் பார்க்காமல் பேத்தி சொன்ன அடையாளத்தை வைத்துச் சொன்னதுதான் முதல் பெயர்.

காய் பச்சையாக இருக்கும்போதே முப்பத்தைந்து செடிகளையும் வேரோடு எடுத்தோம். முற்றவிட்டால் ஒரு காயில் முப்பது விதை வரை மண்ணில் சேரும். பிறகு பல ஆண்டுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். பிடுங்கியதை ஆடு மாடு மேயாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அகராதிகளை அடுக்கி, தினமும் தாள் மாற்றி, பத்து நாளில் உலரவைத்தோம். உலர்தாவரத் தாளில் ஒட்டி, பெயர், ஊர், தேதி, உயரம், பூவின் நிறம், கசக்கினால் வரும் நாற்றம், ஊரில் சொல்லும் பெயர்கள் எல்லாம் எழுதி, கண்ணாடிச் சட்டமிட்டு அறிவியல் அறையில் மாட்டியிருக்கிறோம். உலர்ந்தால் பூவின் நிறமும் மணமும் போய்விடும் என்பதால் அவற்றை அன்றே எழுதிவிட வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் மழைக்குப் பிறகு ஒரு சுற்று நடந்து பாருங்கள். புதிய மண் கொட்டிய இடம், சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம், கழிப்பறைக்குப் பின்புறம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தொடக்கப் பள்ளியோடு அங்கன்வாடியும் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மறக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிறிய குழந்தைகளே அதிகம். ஆமணக்கு, ஊமத்தை, தங்க அரளி ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. அவற்றின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியும் என்பது ஒன்றே வேறுபாடு. தெரியாத காய் எதையும் குழந்தை தின்றது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும்போது அந்தச் செடியின் கிளை ஒன்றை, இலையும் காயும் சேர்த்து, ஒடித்து ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.